பூத்ததும் கிளம்பிவிடுவார்

"ஒரு பூ பார்த்துட்டுக் கிளம்பிடுறேம்மா" என்று என் கணவரின் அண்ணன் சொன்னபோது மழைக்காலம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஒரு வாரத்துக்கென்று வந்தவர். வாசலில் காடாக வளர்ந்து, பேருக்குக்கூட ஒரு பூ இல்லாமல் நின்ற எங்கள் நாலு ரோஜாச் செடிகளைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. ஓய்வுபெற்ற சர்வேயர் அல்லவா? டேப்பை வைத்து அளந்து, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டினார். காய்ந்த குச்சி, உள்ளே பின்னிக் கிடந்த குச்சி எல்லாம் போயிற்று.

"நாப்பத்தஞ்சு நாள். பூக்கலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

நாற்பத்தைந்து நாள்தானே என்று என் தையல் அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தேன். மெஷின் நடைக்கு வந்தது. அளவு கொடுக்க வந்த பெண்களை அடுப்படியில் நிறுத்தி, பால் பொங்குகிறதா என்று ஒரு கண் வைத்தபடி இடுப்பளவு எடுத்தேன்.

கெடு முடிந்தது. துளிர் தளதளவென்று வந்தது, மொட்டைத்தான் காணோம். குளிர் தொடங்கியதும் "இதுதான் சரியான பருவம்" என்று முழங்கால் உயரத்துக்கு வெட்டினார். பூக்கவில்லை. வெயில் வந்தது. "இப்ப ஆழமா வெட்டினா செடி தாங்காது" என்று நுனியை மட்டும் கத்தரித்தார். அதற்கும் இல்லை. இதற்குள் என் வாடிக்கைக்காரர்களில் மூன்று பேர், தனி அறையில் கண்ணாடி வைத்து அளவெடுக்கும் அடுத்த தெருக்காரியிடம் போய்விட்டார்கள். 

மனிதர் கிளம்ப மனமில்லாமல் மொட்டைத் தானே கிள்ளிப் போடுகிறார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றிவிட்டால் போதாதா? அவர் இலையைத் திருப்பித் திருப்பிப் பூச்சி தேடியதுகூட நடிப்பாகத் தெரிந்தது. கையும் களவுமாகப் பிடிக்க, ஒருநாள் விடியும்போதே எழுந்து ஜன்னலோரம் நின்றேன்.

செடியருகே குனிந்திருந்தது பதினெட்டு வருஷமாக நான் பார்க்கிற முதுகு. கையில் என் நூல் கத்தரி!

பாய்ந்துபோய்க் கத்தரியையும், என் கணவரின் உள்ளங்கையில் இருந்த ஐந்தாறு மொட்டுகளையும் பிடுங்கினேன்.

"நீங்களா? ஏங்க இப்படி?"

திருதிருவென்று விழித்தார். "அண்ணன் இருந்தா நீ கத்தமாட்டேங்கிற. எட்டு மாசமா வீடு நிம்மதியா இருக்கு."

சுருக்கென்று தைத்தது. பெரியவர் காதில் விழுமே என்று நான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது உண்மைதான். எனக்குத் தண்டனையாக இருந்த எட்டு மாதம் இவருக்கு விடுமுறையாக இருந்திருக்கிறது.

"அவ்வளவு மோசமாவா கத்துறேன்?"

அண்ணனின் ஜன்னலைக் காட்டி, மெதுவாகப் பேசச் சொல்லிக் கையை அசைத்தார்.

அதற்குள் கதவு திறந்தது. பெரியவர் என் கையையே பார்த்தார். "மொட்டு வந்திருக்கு! யாரு கிள்ளினது?"

என் கணவர் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளதைச் சொன்னால் போதும், பெரியவர் ரோஷத்தோடு கிளம்பிவிடுவார், சாயங்காலத்துக்குள் மெஷின் அறைக்குத் திரும்பிவிடும். ஆனால் அந்த 'நிம்மதி' என்ற சொல் எனக்கு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. அதை இன்னொருவர் காதில் போட மனம் வரவில்லை.

"நான்தான் மாமா" என்றேன்.

கோபப்படுவார் என்று நின்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் போயிடக் கூடாதுன்னா இத்தனை நாளா இதைச் செஞ்சே? நான் வெட்டினதுதான் தப்போன்னு தூக்கமில்லாம கிடந்தேன்மா. கூடப் பொறந்தவன், ஒரு வார்த்தை 'இருங்க'ன்னு சொன்னானா? இனிமே மொட்டைக் கிள்ளாதே. நான் எங்கயும் போகல."

உள்ளே போன வேகத்தில் பெட்டியைத் திறந்து, துணிகளை எடுத்து என் அலமாரியில் அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த மாதம் நாலு செடியும் கொத்துக் கொத்தாகப் பூத்தன. தெருவே நின்று பார்த்துவிட்டுப் போகிறது. நான் நடையில் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கிறேன். என் கணவரோ ஈசிசேரில் சாய்ந்து, உலகத்திலேயே பாக்கியசாலி தான்தான் என்கிற முகத்தோடு பூவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தொண்டை கிழியக் கத்தவேண்டும் போலிருக்கிறது. பெரியவர் உள்ளேதான் இருக்கிறார்.