இத்தாலியில் செத்துப்போன கொனாது

கொனாது அக்கா செத்துப்போனாள் என்ற செய்தி குமாசி சந்தைக்கு வந்து சேர்ந்தபோது, அவள் என் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து அடிபட்ட தக்காளியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் புகைபோட்ட மீன் விற்கிறவள். இரண்டு கடைக்கும் நடுவே ஒரு கோணிதான் சுவர். வெங்காயக்காரி பிராகோ கறுப்புத் துணி உடுத்தி, அழுதுகொண்டே வந்து நின்றாள். உயிரோடு இருப்பவளைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

"இஸ்திரி போட்டு உடுத்திட்டு வந்திருக்கேன்டீ! சாகலேன்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மடிச்சு வை. இன்னிக்கு இல்லேன்னா என்னிக்காவது உதவும்" என்றாள் கொனாது.

வினை செல்போனில் வந்திருந்தது. கொனாதுவின் மகள் டூஃபியே ஓவியம் வரைகிறவள். இத்தாலியில் ஏதோ உலகக் கண்காட்சி. அதில் நம் கானாவுக்கென்று ஒரு கூடம், அந்தக் கூடத்தில் அவள் வரைந்த அம்மா. திறப்பு விழாப் படத்தை யாரோ சந்தைக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டார்கள். ஆளைவிடப் பெரிய முகம், கீழே பெயரும் வருஷமும், மீதிப் படத்தை மறைத்துக்கொண்டு கறுப்பு உடை போட்ட வெள்ளைக்காரர்கள் கை கட்டி நிற்கிறார்கள். எங்கள் ஊரில் ஒருத்தியை அந்த அளவில் எப்போது மாட்டுவார்கள்? செத்தால்தானே! யாரைக் குற்றம் சொல்ல? விழாவுக்குக் கறுப்பு உடுத்துகிற ஊரும் உண்டென்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

கொஞ்ச நேரத்தில் கொனாதுவின் நாத்தனார் அஜெய்வா ஒப்பாரியோடு வந்தாள். விஷயத்தைச் சொல்லி, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தோம். "அப்படி என்னதான் வரைஞ்சிருக்கா? காட்டு" என்றாள். கொனாதுவே இன்னும் முழுப் படத்தையும் பார்த்ததில்லை. மகளுக்கு வீடியோ அழைப்புப் போட்டாள். பெருமையில் முகம் பளபளத்தது.

டூஃபியே போனைத் திருப்பிப் படத்தைக் காட்டினாள். தலையில் சிவப்புத் துண்டு, உடம்பில் கறுப்புத் துணி, செருப்பிலிருந்து வெளியே எடுத்து வைத்த வீங்கிய பாதங்கள். மடியைச் சுற்றிக் கூடை கூடையாகத் தக்காளி. ஒவ்வொரு பழத்திலும் லாரியில் பட்ட காயம் தெரிந்தது. அளக்கும் தகர டப்பாவை அவள் பிடித்திருந்த பிடியில், அதை விட்டால் தரையில் விழுந்துவிடுவாள் போலிருந்தது. தினமும் பக்கத்தில் பார்த்த முகம். நான் பார்க்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பெண் கண்ணை எங்கே வைத்திருந்தாளோ!

கொனாது சட்டென்று போனைக் கவிழ்க்கப் பார்த்தாள். அஜெய்வா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அது எங்க அண்ணன் சாவுக்குக் கட்டின துணி. தக்காளி எங்கேருந்து வந்துச்சு?"

அண்ணனைப் புதைத்த அன்று சாயங்காலம் அண்ணி தலைவலியென்று உள்ளே படுத்திருக்கிறாள் என்றுதான் அந்த வீடு முழுக்க இன்றுவரை நம்பிக்கொண்டிருந்தது. கல்லறை மண் காயும் முன்னே வியாபாரத்துக்கு உட்கார்ந்தாள் என்று தெரிந்தால், அந்தக் குடும்பம் அவளை வாசற்படி ஏற்றாது.

"வடக்கேருந்து லாரி வந்திருச்சு, அஜெய்வா" என்றாள் கொனாது. "விடிஞ்சா அத்தனையும் அழுகிடும். விக்க விக்க அழுதேன். அழ அழ வித்தேன்." பிறகு போனைப் பார்த்துக் கத்தினாள். "உன்னை யாருடீ இதை வரையச் சொன்னா? எடுத்துடு! இப்பவே கழட்டு!"

"அம்மா, அன்னிக்கு நான் உன் எதிர்லதான் நின்னேன். அதுக்கப்புறம் வேற எதை வரைஞ்சாலும் கை ஓடல."

அஜெய்வா பிடித்த மணிக்கட்டை இன்னும் விடவில்லை.

அப்போது படத்துக்கு முன்னால் ஒரு ஆள் வந்து நின்றார். நம் ஊர் ஆள், கசங்கிய சட்டை. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துவிட்டு, குனிந்து காலணியையும் கழற்றினார். காவலுக்கு நின்ற வெள்ளைக்காரப் பெண் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் அவளைத் திரும்பிப் பார்க்காமல் டூஃபியேயைக் கேட்டார்.

"தங்கச்சி, இந்தம்மாவுக்கு யாரு தவறிட்டாங்க?"

"எங்கப்பா. அம்மா இதோ போன்லதான் இருக்காங்க."

அவர் முகம் திரை முழுக்க வந்தது. "நான் இங்க தக்காளித் தோட்டத்துல கூலி வேலை பாக்குறேன்மா. எங்கம்மா செத்த அன்னிக்கும் பறிச்சுக்கிட்டுதான் இருந்தேன். ஊருக்குப் போக முடியல. உங்க துக்கத்தை நான் இப்பதான் விசாரிக்கிறேன். பொறுத்துக்குங்கம்மா."

"படத்தை எடுக்கச் சொல்லட்டுமாம்மா?" என்று டூஃபியேயின் குரல் மட்டும் கேட்டது.

எங்கள் ஊர்த் துக்க வீட்டில், வந்தவர்கள் வரிசையாகத் துக்கக்காரர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டே போவார்கள். கொனாது, நாத்தனார் பிடியிலிருந்து வலது கையை மெல்ல உருவினாள். இடுப்புத் துணியில் சாறு போகத் துடைத்தாள். பிறகு அந்தக் கையைப் போன் கண்ணாடியை நோக்கி நீட்டினாள்.