மாப்பிள்ளைக் கார் பின்னுக்குப் போகாது

என் மகன் நஜாத்தின் கலியாணத்தன்று எங்கள் குடும்பக் கார் வரம்பு றோட்டிலிருந்து தவறி உப்பளத்துக்குள் விழுந்தது என்று மதுரங்குளிச் சந்தியில் ஒரு கதை உலாவுகிறது. அது பொய். கார் விழவில்லை. நான் இறக்கினேன். இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, கண்களைத் திறந்துகொண்டு, வேண்டுமென்றே இறக்கினேன். கியர்ப்பெட்டிக்குள் ஒரு பல் உடைந்திருப்பது இரும்பின் குறை. ஓட்டத் தெரியாமல் பள்ளத்தில் விழுவது மனிதனின் குறை. எங்கள் குடும்பத்தில் இரண்டாவது குறை யாருக்கும் இருந்ததில்லை. அதை நிறுவுவதற்காகவே முதலாவதைப் பற்றி இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

அந்தக் காரை என் வாப்பா ஒரு வெள்ளைக்காரத் தோட்டத் துரையிடம் வாங்கினார். சிவப்பு நிறம், நீண்ட மூக்கு, இரண்டே இரண்டு இருக்கை, மழை வந்தால் இழுத்து மூடும் கன்வஸ் கூரை. பந்தயத்துக்கென்று செய்த கார். எங்கள் வீட்டு மாப்பிள்ளைமார் எல்லாரும் அதில் ஏறித்தான் பெண் வீட்டுக்குப் போனார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

கடலோரத்தில் பழைய கார் வைத்திருப்பவனுக்கு உப்புக் காற்றைவிடப் பெரிய எதிரி இல்லை. சோளகக் காற்று எழும்பும் மாதங்களில், மாலையில் கழுவி விட்ட கார் விடிந்ததும் கரிக்கும். இது எங்கள் பக்கத்துக் கழுதைகளுக்கும் தெரியும். வேலிப் படலை திறந்து கிடந்தால் நேரே கார்க் கொட்டிலுக்கு வந்து பொனற்றை நக்கும். ஆகவே ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் காரைக் கழுவி, எங்கள் சொந்தத் தோட்டத்துத் தேங்காய் எண்ணெயை அடித்தட்டு முழுவதும் பூசுவேன். அந்த வேலையைச் சம்பளக்காரனிடம் விட்டதில்லை.

"மனுசர்ர தலைக்கு வைக்க எண்ண இல்ல, காருக்கு ஊத்துறாரு" என்று என் மனைவி உம்மு குல்சூம் குசினிக்குள்ளிருந்து சொல்வாள். நான் காருக்குக் கீழே படுத்திருப்பதால் பதில் சொல்வதில்லை.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் றிவர்ஸ் கியர் போனது. முந்தலில் இருந்து மெக்கானிக் நிக்கொலஸை வரவழைத்தேன். அவன் கியர்ப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"பல்லு உடைஞ்சு போச்சு ஹாஜியார். இங்க சாமான் எடுக்கேலாது. லொறியில ஏத்திக் கொழும்புக்குக் கொண்டு போவம்."

"எங்கட கார் இன்னொரு வாகனத்துட முதுகுல ஏறி, ஊர் பாக்கப் போறதா?"

"அப்ப இது முன்னுக்கு மட்டுந்தான் ஓடும்."

"அது போதும். எங்கட ஆக்கள் பின்னுக்குப் போற சாதி இல்ல."

தலவில தேவாலயத்து அன்னம்மா அறிய ஒருவரிடமும் சொல்வதில்லை என்று நிக்கொலஸ் வாக்குக் கொடுத்தான். வீட்டில் உம்மு குல்சூமுக்கு மட்டும் தெரியும். நஜாத்துக்குக்கூட நான் சொல்லவில்லை. அவன் தன் ஜப்பான் வானைத்தான் ஓட்டுவான். எங்கள் காரின் ஸ்டியரிங்கில் என்னைத் தவிர வேறு எவரும் கை வைப்பதில்லை.

கார் பின்னுக்குப் போகாதென்றால் மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப ஒழுங்கு செய்ய வேண்டும். வளவின் மறுபக்கத்தில் நின்ற தென்னைகளைத் தறித்து இரண்டாவது கேற் வைத்தேன். ஒன்றால் உள்ளே வந்து, வீட்டைச் சுற்றி, மற்றதால் வெளியே போகலாம். ஜபார் ஹாஜியார் அரசாங்கக் கச்சேரி மாதிரி இரண்டு கேற் வைத்துவிட்டார் என்று ஊர் மெச்சியது. நான் மறுக்கவில்லை. பள்ளிவாசலில் றோட்டைப் பார்த்த இடம் கிடைத்தால் மட்டுமே நிறுத்துவேன். இல்லாவிட்டால் கற்பிட்டிப் பாதையில் கொஞ்சத் தூரம் ஓடி, திரும்ப வசதியான இடத்தில் திருப்பிக்கொண்டு வருவேன். ஹாஜியார் தொழுகைக்கு முன் காற்று வாங்கப் போகிறார் என்றார்கள்.

நஜாத்துக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோதும் இந்தக் கவனம் தேவைப்பட்டது. நல்ல குடும்பங்கள் சில வந்தன. ஒரு வீட்டுக்குப் போகும் ஒழுங்கை ஒடுக்கம். இன்னொரு வீட்டில் கிணறு முன்னால். இரண்டையும் வேண்டாம் என்றேன். ஜபார் ஹாஜியார் லேசில் சம்பந்தம் வைக்கமாட்டார் என்று எங்கள் மதிப்பு உயர்ந்தது. கடைசியில் இறால் பண்ணைக்கார ஜெமீல் ஹாஜியாரின் மகள் நிஸ்மியாவைப் பார்க்கப் போனோம். அவர் வளவில் பஸ்ஸையே வட்டமடித்துத் திருப்பலாம். அங்கேயே சம்மதம் சொன்னேன்.

"பொண்ணப் பாக்கப் போனீங்களா, வளவ அளக்கப் போனீங்களா?" என்றாள் உம்மு குல்சூம், திரும்பி வரும் வழியில். நிஸ்மியா நல்ல பிள்ளை என்பதும் உண்மைதான். அதை நான் பிறகு கவனித்தேன்.

ஜெமீல் ஹாஜியாரின் வீட்டுக்கு உப்பளத்தின் நடுவே போகும் வரம்பு றோட்டால் போக வேண்டும். ஒரு வாகனம் போகும் அகலந்தான். நடுவில் ஓரிடத்தில் மட்டும் எதிரே வரும் வாகனத்துக்கு விலத்திக்கொள்ள அகட்டியிருக்கிறார்கள். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு அந்த றோட்டில் உப்பு லொறி வராது என்று விசாரித்து வைத்திருந்தேன். ஆனால் அந்தப் பக்கத்து ஆட்கள் மாப்பிள்ளையைப் பாதி வழிக்கு வந்து எதிர்கொள்வார்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கலியாணத்தன்று வெள்ளைச் செர்வானியோடு நஜாத் என் பக்கத்தில் இருந்தான். பெண்ணின் சகோதரன் வாசலில் கால் கழுவி விடும்வரை மாப்பிள்ளை காரிலிருந்து நிலத்தில் கால் வைக்கக்கூடாது. அதுதான் இரு வீட்டாருக்கும் பொதுவான முறை. எங்கள் சொந்தக்காரர்களின் வான்கள் மரியாதையான தூரம் விட்டுப் பின்னால் வந்தன. அகட்டிய இடத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனதும், எதிரே ஒரு பெரிய வான் வந்து என் காரின் மூக்குக்கு முன்னால் நின்றது. ஜெமீல் ஹாஜியார் சிரித்தபடி இறங்கினார். அவருடைய மகன் பாயிஸும் இறங்கினான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் சம்பந்தி! ஒங்களுக்குப் பின்னாலயே அகலம் இரிக்கி. கொஞ்சம் பின்னுக்கு எடுங்க. நான் அங்க வந்து வானத் திருப்பி, முன்னால கூட்டிட்டுப் போறன்."

"வஅலைக்கும் ஸலாம். நீங்க பின்னுக்கு எடுங்க ஹாஜியார். மாப்பிள்ளைக் கார் பின்னுக்குப் போகாது. எங்கட குடும்பத்து வழமை."

அந்த வழமை பிறந்தது அப்போதுதான். ஆனால் சொன்ன குரலில் தலைமுறைகள் இருந்தன.

ஜெமீல் ஹாஜியாரின் சிரிப்பு மெல்ல அடங்கியது. "நான் வீடு வரைக்கும் பின்னுக்கே போகோணுமா? பொண்ணு வீட்டுக்காரன் பாதி வழில பின்வாங்கிட்டான் எண்டு ஊர் சொல்லாதா?"

மௌலவி பின் வானிலிருந்து இறங்கி வந்தார். இரு பக்கமும் கேட்டார். "மார்க்கத்துல றிவர்ஸுக்குத் தடை ஒண்டும் இல்லயே ஹாஜியார்" என்றார்.

"மார்க்கம் வேற, வழமை வேற மௌலவி."

"மாமா, நியூட்ரல்ல போடுங்க. நாங்க புடிச்சுத் தள்ளிவிடுறம்" என்றான் பாயிஸ், கையைத் தேய்த்துக்கொண்டு.

"இந்தக் கார ஒருத்தரும் தள்ளினது கிடையாது தம்பி. தள்ளுறதுக்கு இது என்ன, ஐஸ்பழ வண்டியா?"

"வாப்பா, நேரம் போகுது" என்று நஜாத் கியரில் கை வைத்தான். றிவர்ஸில் தட்டியிருந்தால் பெட்டி அலறிய அலறலில் உப்பளமே திரும்பிப் பார்த்திருக்கும். மாப்பிள்ளை என்றும் பாராமல் அவன் புறங்கையில் அடித்தேன். எல்லாரும் பார்த்தார்கள்.

ஜெமீல் ஹாஜியாரின் முகம் கறுத்துவிட்டது. "இதுதான் ஒங்கட முடிவா? மகள்ட நிக்காஹ் நாளில எனக்கு வழி விடாத குடும்பத்துல மகள எப்பிடிக் குடுக்கிற எண்டு நானும் யோசிக்கோணும்." வானின் கதவில் கை வைத்தார்.

அப்போது பெண்களின் வானிலிருந்து உம்மு குல்சூம் வரம்பால் நடந்து வந்தாள். பட்டுச் சேலையைச் சோளகம் பிடித்து இழுத்தது. எல்லாரும் விலகினார்கள். அவள் என் காதருகே குனிந்தாள்.

"ஒரு பல்லுக்காக மகன்ட கலியாணத்த முறிக்கப் போறீங்களா? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

எனக்கு இரண்டு பக்கமும் உப்பளம் வெள்ளையாகக் கிடந்தது. வலப்பக்கத்துப் பாத்தியில் உப்பு அள்ளி முடிந்திருந்தது. அடியில் ஈரக் களி மட்டும். அதற்கு அப்பால் எதிர் வரம்பு. அந்த வரம்பு நேரே ஜெமீல் ஹாஜியாரின் வளவுக்குப் போகிறது. உப்புக் காற்றே படாமல் காத்த கார். ஒரு நிமிஷம் அதன் ஸ்டியரிங்கைத் தடவினேன்.

"புடிச்சுக்க மகன்" என்றேன்.

கார் வரம்பிலிருந்து இறங்கியது. பந்தயத்துக்குச் செய்த கார் என்பதை அன்றுதான் அது காட்டியது. இருபுறமும் உப்புச் சேறு சிறகு விரித்தாற்போல் எழும்பியது. உப்பு அள்ளுகிறவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கைதட்டினார்கள். பாத்தியின் நடுவே போனதும் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றுவிட்டது. நஜாத்தின் செர்வானியில் வெள்ளை கொஞ்சம் மிச்சம் இருந்தது.

வரம்பிலிருந்து ஜெமீல் ஹாஜியாரின் குரல் கேட்டது.

"யா அல்லாஹ்! நானும் பின்னுக்குப் போகக்கூடாது, அவரும் போகக்கூடாது எண்டு அந்த மனுசன் கார உப்புல எறக்கிட்டாரு! பாருங்கடா, இதுதான் பரம்பர!"

அவர் செருப்பைக் கழற்றி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். பாயிஸ் குடிக்கிற தண்ணீர்ப் போத்தல்களோடு பின்னால் வந்தான். கார்க் கதவைத் திறந்து அங்கேயே நஜாத்தின் கால்களைக் கழுவினான். கால் கழுவிய மச்சானுக்குக் கொடுக்கும் முறைப்படி நஜாத் அவன் விரலில் ஒரு மோதிரத்தைப் போட்டான். கழுவிய காலைச் சேற்றில் வைக்க முடியாதென்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. பாயிஸ் முதுகைக் காட்டினான். மாப்பிள்ளை மச்சானின் முதுகில் ஏறிப் பெண் வீட்டுக்குப் போனான்.

நான் காரை விட்டு இறங்கவில்லை.

உப்பு அள்ளுகிறவர்கள் வந்து சூழ்ந்தார்கள். "ஹாஜியார், பின்னுக்கு இழுத்தா லேசா வந்துரும். கார் வந்த தடம் இரிக்கி" என்றான் ஒருவன்.

"முன்னுக்கு" என்றேன்.

"முன்னுக்கு அந்த வரம்பு வரைக்கும் தள்ளோணுமே!"

"தள்ளுங்க."

இப்போது தள்ளுவதற்கு ஆட்சேபம் இல்லை. முன்னுக்குத் தள்ளுவது உதவி. பின்னுக்குத் தள்ளுவதுதான் அவமானம். அவர்கள் முனகிக்கொண்டு தோள் கொடுத்தார்கள். ஜெமீல் ஹாஜியாரும் என் பக்கக் கதவில் தோளை வைத்தார். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கார் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. இறால் பண்ணைக்காரர், மோட்டரும் பம்பும் பழகிய மனுஷர். என் கியர்க் கோலை ஒருமுறை பார்த்தார். என் முகத்தை ஒருமுறை பார்த்தார். தலையை உள்ளே நீட்டினார்.

"சம்பந்தி, எப்ப இருந்து?"

"என்ன எப்ப இருந்து?"

"றிவர்ஸ்."

நான் கண்ணாடிக்கு வெளியே நேரே பார்த்தேன். "சண்ட முடிஞ்ச அடுத்த வருஷம்."

அவருடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, மூச்சு வாங்குகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. காருக்குப் பின்னால் நின்ற ஒருவன் மறுபடியும், "பின்னுக்கு இழுத்திருந்தா இப்ப முடிஞ்சிரிக்கும்" என்று தொடங்கினான்.

ஜெமீல் ஹாஜியார் நிமிர்ந்து அவன் பக்கம் திரும்பினார். உப்பளம் முழுவதும் கேட்டது.

"என்னடா பின்னுக்கு, பின்னுக்கு! எங்கட குடும்பத்துல மாப்பிள்ளைக் கார் பின்னுக்குப் போற வழமையே இல்ல! தள்ளுடா முன்னுக்கு!"