இலையோடு போன பல் செட்

கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டு, கை கழுவும் இடத்தில் அப்பா வாய் கொப்பளிக்கக் குனிந்தபோதுதான் மணிமேகலை பார்த்தாள். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன.

"பல்லு செட்டு எங்கப்பா?"

"எந்தப் பல்லு?" என்று பச்சியப்பன் பொக்கை வாயால் சிரித்தார்.

அடக் கடவுளே! சட்டைப் பையைத் துழாவினாள், வேட்டி மடிப்பை உதறினாள். இல்லை. மறதி நோய் வந்த பிறகு, ஈறு உறுத்தினால் கழற்றி எங்காவது செருகிவிடுவது அவர் வழக்கம். இலையில்தான் வைத்திருப்பார், சோற்றுக்கு அடியில். அது தெரிந்தும் இந்தப் புத்திசாலி மகள், அப்பாவுக்கு உதவுவதாக நினைத்து அவர் இலையையும் தானே மடித்துவிட்டு வந்திருக்கிறாள்!

பந்திக்கு ஓடினாள். அங்கே புது இலை போட்டாகிவிட்டது. பல் டாக்டர் எச்சரித்தது நினைவுக்கு வந்தது. "இதைத் தொலைச்சுடாதீங்கம்மா. புது செட்டுன்னா வாய் பழகணும். இவரால இனிமே அது முடியாது." தொலைந்தால் சாகும்வரை கஞ்சிதான். யார் பெயரை மறந்தாலும் வேகவைத்த கடலையைப் பார்த்தால் முகம் மலர்கிற மனுஷனுக்கு!

மண்டபத்தின் பின்புறம் எச்சில் இலை ஏற்றிய டிராக்டர் உறுமிக்கொண்டு நின்றது. அப்பாவைப் பின்வாசல் நாற்காலியில் உட்காரவைத்தாள். "எந்திரிக்காதப்பா." முன்பக்கம் நாலு வழிச் சாலை, லாரிகள் பறக்கின்றன.

"அண்ணா, நிறுத்துங்க! எங்கப்பா பல்லு செட்டு எலையோட வந்துடுச்சுங்க!"

"ரெண்டு பந்தி எலை கெடக்குதுங்கக்கா, எங்கன்னு தேடுவீங்க?" என்றான் டிராக்டர் ஓட்டும் முனியப்பன். அவள் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிராக்டர் பெட்டியில் ஏறியதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு இன்ஜினை அணைத்தான்.

ஒவ்வொரு இலையாகப் பிரித்தாள். முழங்கை வரை சாம்பாரும் பாயசமும் வழிந்தன. சொந்தக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

"மானத்தை வாங்காதடி, எறங்கு. புதுசு வாங்கிக்கலாம்," என்றாள் மாதம்மாள் அத்தை.

"புதுசை அவரு வாய் ஏத்துக்காதுங்கத்தை!" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மேல் செட் கிடைத்தது. கீழ் செட்? இன்னும் பத்துப் பன்னிரண்டு இலை பிரித்த பிறகு, முட்டைக்கோஸ் பொரியலுக்குள் இருந்தது. விரிசல் இல்லை. அப்பாடா என்று நிமிர்ந்தாள். நாற்காலி காலி.

"அப்பா!"

அவர் டிராக்டருக்குக் கீழேயே நின்றிருந்தார், முனியப்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு. கண் கலங்கியிருந்தது.

"யாரு பெத்த புள்ளையோ, பசி தாங்காம எச்செலை பொறுக்குது. பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, மனுசங்கதானா நீங்க? உள்ள கூட்டிப் போயி ஒரு எலை போடுங்க!"

மணிமேகலை இறங்கினாள். நாறிக்கிடந்த அவள் கையை அவர் கூசாமல் பிடித்துக்கொண்டார். "வா தாயி. வெக்கப்படாத."

குழாயடியில் சோப்புப் போட்டு செட்டைக் கழுவினாள். அத்தை கொதிக்கும் தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். "வேணாங்கத்தை, சுடுதண்ணி பட்டா செட்டு கோணிக்கும்," என்று தடுத்து, பச்சைத் தண்ணீரிலேயே மறுபடி மறுபடி அலசினாள்.

பந்தியில் அவளுக்கு இலை போட்டார்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சோற்றை அவள் பக்கம் தள்ளினார். "சாப்புடும்மா."

அவள் பல் செட்டை உள்ளங்கையில் ஏந்தினாள். யாரோ ஒருத்தியாகவே சொன்னாள்: "நீங்களும் கூடச் சாப்புட்டாத்தான் நானு சாப்புடுவேனுங்க."

அவ்வளவுதானே என்று அப்பா வாயைத் திறந்தார்.