சூடம் அணைக்க மறுத்தவர்

என் அண்ணன் உமேஷுக்குக் கோபம் வந்தால் கை முன்னால் போகும், புத்தி பின்னால் மெதுவாக வரும். எங்களுக்குப் பூர்வீகம் ஹனூர் பக்கத்து ராமாபுரம். அண்ணன் மைசூர் மார்க்கெட்டுக்குக் காய்கறி லாரி ஓட்ட வந்து, இப்போது நஞ்சன்கூடு ரோட்டில் சொந்தமாக லாரி ஷெட் வைத்திருக்கிறான். மைசூருக்கு வந்தாலும் எங்கள் சாமி ஊர்ப்பக்கம் இருக்கும் மலை மாதேஸ்வரன்தான்; மாதப்பன் என்று கூப்பிடுவோம். மாதப்பன் பேரைச் சொல்லிச் சூடத்தை அணைத்துவிட்டால் அதோடு வழக்கு முடிந்தது. பொய்யாக அணைக்க எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது.

என் கணவர் சந்திரன் மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளைச் சோதித்துப் பார்க்கிறவர். கடவுள் இல்லை என்று கூச்சல் போடும் ஆளில்லை. நிறைய யோசித்தும் தனக்கு நம்பிக்கை வரவில்லை என்பார், அவ்வளவுதான். அண்ணன் விடமாட்டான். "இந்த லாரி தானா வந்துச்சா மாப்ள? செஞ்சவன்னு ஒருத்தன் இருக்கோணுமில்ல? உலகமும் அப்படித்தான்" என்பான். "லாரி செய்யறவங்களப் பாத்திருக்கோம் மச்சான். உலகம் செஞ்சவர யாரு பாத்தா?" என்பார் இவர். சாப்பாட்டுக்கு முன்னால் இப்படி வாக்குவாதம் செய்துவிட்டு, ஒரே தட்டில் கறி எடுத்துச் சாப்பிடுவார்கள். அதனால் நான் கண்டுகொண்டதில்லை.

எங்கள் தம்பி கவின்ராஜ் ஒரு சனிக்கிழமை ஷெட்டுக்கு வெளியே மண்டை பிளந்து கிடந்தான். வலது கை முழங்கையில் ஒடிந்து தொங்கியது. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் போட்டிருந்தார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அவன் குடித்துவிட்டுத் தன் மனைவி சுசித்ராவை அடித்தான். என் கணவர் அவனை அறைந்து, "இன்னொரு தடவ அவ மேல கை வெச்சா அந்தக் கை இருக்காது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

மறுநாள் மத்தியானம் அண்ணன் எங்களை ஷெட்டுக்கு வரச் சொன்னான். ஆஸ்பத்திரி விஷயம் பேசத்தான் என்று நினைத்துப் போனோம். நான் அப்போது ஐந்து மாதம். உள்ளே போனதும் டிரைவர் கரியப்பன் ஷட்டரை இழுத்து மூடினான்.

"என்ற தம்பி மண்டை தானா உடைஞ்சுதா? உடைச்சவன் ஒருத்தன் இருக்கோணுமில்ல?" என்றான் அண்ணன். "நேத்து சாயங்காலம் எங்கிருந்தே?"

"குக்கரஹள்ளி ஏரியில நடந்துட்டிருந்தேன்."

"கூட யாரு?"

"யாருமில்ல."

சுவரில் புலி மேல் உட்கார்ந்த மாதேஸ்வரன் படம். அதற்கு முன்னால் தட்டில் சூடத்தைப் பற்ற வைத்தான் அண்ணன். "அணைச்சு சத்தியம் பண்ணு மாப்ள. நீ பண்ணலைன்னா காலத் தொட்டு மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

எனக்கு உயிர் வந்தது. கையை வைத்து அணைத்தால் வீட்டுக்குப் போய்விடலாம். இவர் அந்த நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் பண்ணல மச்சான். ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். நம்பிக்கை இல்லாதவன் இத அணைச்சா அது உங்கள ஏமாத்தறது. நான் அவன அடிச்சிருந்தா இந்நேரம் யோசிக்காம அணைச்சிருப்பேன். எனக்கென்ன பயம்?"

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் தன் நியாயத்தைச் சொல்ல முடியாது. அண்ணன் சிரித்தான்.

"பயமில்லாமத்தான் கைய இழுத்துக்கறயா? சாமி இருக்காருன்னு உனக்கு உள்ளுக்குள்ள தெரியும். அதான் பொய்ச் சத்தியம் பண்ண நடுங்கறே."

இரண்டுமே தர்க்கம்தான். அண்ணனுடைய தர்க்கத்தின் கையில் ஜாக்கி ராடு இருந்தது.

முதல் அடி முழங்காலில் விழுந்தது. இவர் மடிந்து விழுந்ததும் கரியப்பன் பின்னாலிருந்து இரண்டு கைகளையும் முறுக்கிப் பிடித்தான். அடுத்தது விலாவில். எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. "இப்ப யோசி" என்றான் அண்ணன். மறுபடி அடித்தான். "யோசிச்சயா? சாமி இருக்காரா?"

இவர் ரத்தத்தைத் துப்பினார். "வலிதான் மச்சான் வருது. நம்பிக்கை வரல."

நான் அவர் காலைப் பிடித்தேன். "கைய மட்டும் வெச்சிருங்களேன். உங்க உயிர விட அது பெருசா?"

"இதுக்குப் பொய்யா நடிச்சேன்னா அப்புறம் நான் சொல்ற எதத்தான் நீ நம்புவே வினிதா?"

அண்ணனோடு சேர்ந்து நானும் அந்த மனிதரை நாலு போடலாமா என்று வந்தது. அவ்வளவு ஆத்திரம். அந்த ஆத்திரத்தில் கீழே கிடந்த இழுவைச் சங்கிலியை எடுத்துக் கரியப்பன் தலையில் வீசினேன். காது கிழிந்து அவன் கழுத்தெல்லாம் ரத்தம். "சும்னெ இரும்மா" என்று பாதிக் கன்னடத்தில் கத்தினானே தவிர பிடியை விடவில்லை. அண்ணன் என்னை டயர் மேல் தள்ளிவிட்டு இவர் வலது கையைத் தரையில் வைத்து மிதித்தான். ராடு விரல்கள் மேல் இறங்கியது. அடுத்த அடியில் தாடை ஒரு பக்கமாகப் போய்விட்டது. அதன்பின் இவரால் பேச முடியவில்லை.

"தலைக்குத் தலை" என்று அண்ணன் ராடை உயரத் தூக்கினான்.

நான் எழுந்து படத்துக்கு முன்னால் போய் நின்றேன். "அவரு தனியாப் போகல. நான் கூடவே நடந்தேன்."

அண்ணன் திரும்பினான். "தனியான்னு அவனே சொன்னானே?"

"மாசமா இருக்கறவ விளக்கு வெக்கற நேரத்துல ஏரிப்பக்கம் போனேன்னா அம்மா திட்டும். அதுக்காக மறைச்சாரு."

"வெறும் சூடம் பத்தாது. வயித்து மேல கை வெச்சுச் சொல்லு."

நேற்று நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அது எனக்குத் தெரியும், மாதப்பனுக்கும் தெரியும். இடது கையை வயிற்றில் வைத்தேன். வலது கையால் நெருப்பை அடித்து அணைத்தேன். "மாதப்பா, இது சத்தியம். பொய்யின்னா இந்தப் பிள்ளைய எடுத்துக்க." கீழே கிடந்த இவர் தலையைத் தலையை ஆட்டினார். வலியில் ஆட்டுகிறார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் ராடைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதான். பிறகு அவனும் கரியப்பனுமே இவரைத் தூக்கிப் போய், பைக்கில் விழுந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அந்த வாரமே கவின்ராஜ் கண் விழித்தான். அவனை யாருமே அடிக்கவில்லை. குடித்துவிட்டு லோடு மேல் ஏறித் தார்ப்பாய்க் கயிறு கட்டும்போது கால் தவறித் தானாக விழுந்திருக்கிறான். அண்ணன் பழத்தட்டோடு வந்து இவர் காலில் விழுந்தான். என்னைப் பார்த்து, "மாதப்பன் உன்ற நாக்குல நின்னு உண்மையச் சொன்னாரும்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டான். மார்க்கெட் முழுக்க இதே பேச்சு. சாமி இருக்கிறார் என்பதற்கு என் பொய்யைத்தான் சாட்சியாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான் அந்த முட்டாள்.

தாடைக் கம்பியை எடுத்த பிறகு இவர் முதலில் பேசியது என் சத்தியத்தைப் பற்றித்தான். நான் சரியாகத் தூங்குவதில்லை என்று அவருக்குத் தெரியும். வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தை கருவில் இருப்பதை ஒன்றும் செய்யாது என்றார். தினம் எத்தனையோ பேர் பொய்ச் சத்தியம் செய்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன என்றார். அப்படியே ஒரு கடவுள் இருந்தாலும், ஒரு அப்பாவியைக் காப்பாற்றியதற்குப் பிறக்காத குழந்தையைக் கொல்கிறவர் கடவுளாக இருக்க முடியாது என்றார். ஒவ்வொன்றாக, பொறுமையாக, எனக்குப் புரியும்படி. வாழ்க்கையில் முதன்முறையாக அவர் சொல்வது உண்மையாக இருக்கட்டும் என்று நான் ஏங்கினேன். திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னார். ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

"சரிதானே?" என்றார்.

"எல்லாம் சரிதாங்க. ஆனா பாப்பா கொஞ்ச நேரம் அசையலைன்னா எனக்கு மூச்சு நின்னுருது. என்னை மலைக்குக் கூட்டிட்டுப் போங்க. பொய் சொன்னது நான், எடுக்கறதா இருந்தா என்னை எடுத்துக்கன்னு சொல்லிட்டு வந்தர்றேன்."

அவர் தன் விரல் வளையாத கையை என் வயிற்றின் மேல் வைத்தார்.

"போலாம். சொல்லு. மாதப்பன் கேட்டுக்குவாரு" என்றார்.

நான் அவர் மடியில் விழுந்து அழுதேன்.