இலை உருவிய கட்டைகள்

கண்மணி சாக்கைக் கவிழ்த்தாள். கட்டைகள் சாய்ந்த தொட்டியின் வெள்ளத்தில் உருண்டு போய், இரும்புத் தூண் வரிசையில் மோதி நின்றன. பின்னாலேயே தண்ணீர் ஏறியது. வரிசைக்கு மேல் வழிந்து, தூண்கள் பிடித்த கட்டைகளையும் தூக்கிக்கொண்டு, தேக்கா சந்தையில் வாங்கி அவள் கீழே ஒட்டிவைத்த பொம்மை வீடுகளை அடித்துப் போனது.

இதே வரிசை வாரம் முழுக்கச் சோதனையில் தேறியிருந்தது. மலையோடை வெள்ளத்தில் வரும் மரங்களை ஊருக்கு மேலேயே நிறுத்த வேண்டிய தூண்கள். சிங்கப்பூரில் அப்படி மலை ஏது? இந்தத் தொட்டிதான் மலையோடை. மூன்று மணிக்கு நேப்பாளத்துக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். சரியென்றால் அடுத்த மழைக்குள் ஒரு கிராமத்துக்கு மேல் கட்டிவிடுவார்கள்.

தூண்களை முடுக்கினாள். இடைவெளியை அளந்தாள். தண்ணீரைத் திரும்ப ஓட்டினாள். வீடுகள் திரும்பப் போயின.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து அப்துல் கஃபார் வந்தார். ஆய்வுக்கூடத்தில் கட்டை போடுவது எப்போதும் அவர்தான். தூண் இடைவெளிகளை அடைத்து அப்பியிருந்த பச்சை இலைகளைப் பார்த்தார்.

“ஏம்மா, இலையோடவா போட்டே?”

“சாக்குல இருந்தத அப்படியே போட்டேன்.”

“நான் உருவிட்டுத்தான் போடுவேன். இல்லாட்டி பம்ப் ஃபில்டர் அடைச்சுக்கும்லா. யாரு கழுவுறது?”

கண்மணி ஸ்டூலில் உட்கார்ந்தாள். “வாரம் பூராவா?”

“பூரா. ஒரு இலை இருக்காது. தொட்டி எப்படி இருந்துச்சு, கண்ணாடி மாதிரி!”

“மலையில யாரு பாய் உருவிப் போடுவா? நீங்க போவீங்களா?”

“டிக்கெட் போட்டுக் கொடு, போறேன்.”

அவள் சிரிக்கவில்லை. புக்கிட் மேராவில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வெட்டிப் போட்ட கிளைகளை, இலையோடு வேண்டுமென்று கேட்டு வாங்கி, பேருந்து மாறிச் சுமந்து வந்தவள் அவள். எதற்கு இலை என்று இவரிடம் சொல்லத்தான் தோன்றவில்லை.

“இன்னும் டைம் இருக்கு,” என்றார் கஃபார். “ஒரு வாளி உருவித் தரேன். பார்த்துட்டு சந்தோஷமாப் போகட்டும்.”

அவர் உருவத் தொடங்கினார். கண்மணி தடுக்கவில்லை. வீடுகளைத் துடைத்துப் பழைய இடத்தில் ஒட்டினாள். ஒன்று நிற்கவே மாட்டேன் என்றது. அழுத்தினாள். கூரை உடைந்தது.

மூன்று மணிக்கு விருந்தினர் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். கஃபார் வாளியை நீட்டினார். மொட்டைக் கட்டைகள், படுசுத்தம்.

கண்மணி வாளியை வாங்கினாள். அவர் காலடியில் குவிந்திருந்த இலைகளை இரண்டு கையாலும் அள்ளி அதில் திணித்தாள்.

“ஃபில்டர்…” என்றார் கஃபார்.

“நான் கழுவுறேன் பாய்.”

கவிழ்த்தாள்.