வராண்டாவைத் தாண்டி

மலர்கொடியின் குவார்ட்டர்ஸுக்கு எத்தனை முறை வந்தாலும் அவள் அக்கா கண்ணகி வராண்டாவைத் தாண்டியதில்லை. சிறுவயதில் போலியோ வந்தவள், சக்கர நாற்காலியில்தான் போவாள் வருவாள். காடாம்புலியூரிலிருந்து முந்திரிப்பருப்போடு ஆட்டோவில் வந்து இறங்குவாள். அவளுக்காகவே வாசலில் சிமெண்ட் சரிவு போட்டுவைத்திருந்தான் மலர்கொடியின் புருஷன் விஜயராஜ். ஆனால் கூடத்துக்குள் நாற்காலி நுழைய வழி இருந்தால்தானே?

மைன்ஸில் பர்மனெண்ட் வேலை அவனுக்கு. வருஷத்தில் நாலைந்து முறை கம்பெனியிலிருந்து ஏதாவது பரிசு வரும், பெரும்பாலும் எவர்சில்வர் டிபன் கேரியர். மலர்கொடி ஒன்றையும் பிரிக்கமாட்டாள். கல்யாணம் காதுகுத்துக்குக் கொடுக்கலாம் என்று பெட்டியோடு கூடத்தில் அடுக்கிவிடுவாள். டவுன்ஷிப்பில் எல்லார் வீட்டிலும் அதே கேரியர் இருக்கும் என்பது அந்த மகராசிக்குத் தோன்றவே இல்லை. ஒரு கல்யாணத்தில் ஆசையாக நீட்டினாள். மணமகன் காலடியில் அதே பெட்டி ஏற்கெனவே ஏழு இருந்தன. அப்போதும் அவள் திருந்தவில்லை.

ஐப்பசி மழைதான் அவளைத் திருத்தியது. சாரல் வராண்டாவுக்குள் அடித்து, கண்ணகியின் புடவை முழங்கால்வரை நனைந்துவிட்டது.

"நீ போயி அடுப்பப் பாரு மலரு. நான் இங்கயே குந்திக்கினு இருக்கேன், காத்து நல்லா வருது" என்றாள் கண்ணகி.

மலர்கொடி கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பெட்டிகள் உள்ளே சொகுசாக இருக்க, கூடப்பிறந்தவள் வெளியே நனைகிறாள். காணும் பொங்கலுக்கு அக்கா வரும்போது அவளைக் கூடத்தில் உட்காரவைத்தே தீருவது என்று முடிவு செய்தாள்.

முடிவு செய்தாளே தவிர, கொடுக்கக் கை வந்தது போகிப் பண்டிகைக்கு முதல்நாள்தான். விஜயராஜ் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போனதும் பெட்டிகளையெல்லாம் வெளியே இழுத்து, 'வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்' என்று அட்டையில் எழுதி கேட்டில் தொங்கவிட்டாள். குளித்துவிட்டு வந்து பார்த்தால் குவியல் இரண்டு பங்காகியிருந்தது. அட்டையைப் படிக்காமல், யாரோ மொத்தமாகச் சேர்க்கிறார்கள் போல என்று நினைத்து, பிளாக்கில் இருந்தவர்கள் தங்கள் வீட்டுக் கேரியரையும் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். எதிர்வீட்டு ராஜாங்கம் மட்டும் நான்கு. புண்ணியமாகப் போகட்டும் என்று வாழ்த்திவிட்டு வேறு போனார்.

ஷிஃப்ட் முடிந்து வந்த விஜயராஜால் கேட்டைத் திறக்க முடியவில்லை. பைக்கைச் சாத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். மலர்கொடிக்கோ அழுகை முட்டியது.

அந்த நேரத்தில்தான் வீரம்மாளின் குட்டியானை வண்டி வந்து நின்றது. கம்மாபுரத்தில் சமைத்து, கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவருபவள், கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு டப்பாவும் ஒவ்வொரு அளவாக இருந்து, மூடி மாறி, தினமும் வண்டியெல்லாம் குழம்பு. அவள் ஒரு கேரியரின் மூடியை எடுத்து இன்னொன்றில் போட்டாள். கச்சிதமாக உட்கார்ந்தது. இன்னொன்றிலும் போட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணு ரெண்டுன்னா எனக்கு ஆவாதுங்க. இத்தினியும் ஒரே மாதிரி இருக்கறதாலதான் ஒதவுது. மொத்தத்தையும் ஏத்திக்கட்டுமா?"

விஜயராஜே ஏற்றிவிட்டான். வண்டி கிளம்பியதும், அவசரத்துக்கு ஆகும் என்று முந்தானைக்குள் மறைத்துவைத்திருந்த ஒரு கேரியரோடு மலர்கொடி தெருமுனைவரை ஓடி அதையும் கொடுத்துவிட்டு வந்தாள். திரும்பும்போது கை வீசி நடந்தாள்.

காணும் பொங்கலன்று கண்ணகி சரிவில் ஏறி, பழக்கத்தில் வராண்டாவிலேயே பிரேக்கைப் போட்டாள். மலர்கொடி குனிந்து அதை எடுத்துவிட்டாள். கண்ணகி தங்கச்சியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கூடத்தில் ஒரு பாயும் மின்விசிறியும்தான் இருந்தன. கண்ணகி ஒரு சுற்று சுற்றினாள். சிரிப்பு வந்துவிட்டது, இன்னொரு சுற்று சுற்றினாள். பின்பக்க ஜன்னல் அருகே போய் நின்று காற்றுக்கு முகத்தைக் காட்டினாள்.

"ஏண்டி மலரு, காத்து இங்கதான் நல்லா வருது" என்றாள். "வராண்டாவுல எங்க வந்துச்சு? ஒரே புழுக்கம்."

மலர்கொடி அவள் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்து, அக்காவின் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.