பயிற்சிக் கூடம்

விடியுமுன்பே கொதிகலன் சீறத் தொடங்கிவிடும். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் அவள், காரத் தண்ணீரில் முழங்கைவரை கைவிட்டு, மருத்துவமனைகளிலிருந்து வந்த ரத்தக்கறை விரிப்புகளை இழுத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். விரலிடுக்குகள் வெந்து வெளுத்திருந்தன. ஆவியில் எதிரே நிற்பவள் முகம் தெரியாது. இருமலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கான அந்த விடுதி தொடங்கியபோது இந்தக் கூடத்தில் பாடம் நடந்தது. சின்னப் பிள்ளையாக நெட்டையைக் கொண்டுவந்து விட்ட அம்மா, "நல்லாப் படி, சாயங்காலம் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். விடுதியைத் தொடங்கிய டாக்டர் செத்ததும் கரும்பலகையைக் கழற்றினார்கள். தொட்டிகள் வந்தன, ஊரார் துணி மூட்டை மூட்டையாக வந்தது. கூலிக்குத் துவைத்தவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த இடங்களில் விடுதிப் பெண்களை நிறுத்தினார்கள். கூலி கிடையாது. வாசலில் 'பயிற்சிக் கூடம்' என்று எழுதி மாட்டினார்கள்.

மிஞ்சிய ஒரே கூலிக்காரி சலவைக்காரி. முன்பு இங்கே துவைத்துக்கொண்டிருந்த தன் தங்கச்சி பிழைப்பில் மண் விழுந்தது விடுதிப் பெண்களால்தான் என்று அவளுக்கு உள்ளூரக் கொதிப்பு. வேலை சொல்வதோடு சரி. முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

அன்று காலை, விடுதிப் பெண்களில் ஒருத்தியான குருவி அலறினாள். சுடும் இஸ்திரி உருளை, ஈர விரிப்போடு அவள் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. தடுப்புக் கம்பி உடைந்து மாதக்கணக்காகியும் மாற்றியவர் இல்லை. சலவைக்காரி பாய்ந்து சுவிட்சை அணைத்தாள். தோல் வழன்ற கையைப் பிடித்துக்கொண்டு குருவி, "துணியில ரத்தம் பட்டுடுச்சே, திட்டுவாங்களே" என்று அழுதாள்.

குருவியைக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்ட பிறகு, விடுதிக் கண்காணிப்பாளர் சாவகாசமாக வந்தார்.

"கட்டுப் போட்டாச்சு. ஒண்ணுமில்ல. நெட்டை, நீ உருளைக்குப் போ."

நெட்டை அசையவில்லை.

"காது கேக்கல?"

"கேக்குது ஐயா. போகமாட்டேன்."

அவர் சிரித்தார். "இதென்ன வேலையாம்மா? உங்களுக்குப் பயிற்சி."

"பயிற்சி எப்ப முடியும் ஐயா? எனக்கு முடி நரைச்சிருச்சு."

ஆவிக்குள்ளிருந்து யாரோ களுக்கென்று சிரித்தாள். அவர் முகம் கடுத்தது.

"வெளிய தள்ளினா எவ சோறு போடுவா? உங்கம்மாவா?"

நெட்டை கையிலிருந்த விரிப்பைத் தொட்டியிலேயே போட்டாள். அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்தாள். பக்கத்துத் தொட்டிக்காரியும் உட்கார்ந்தாள்.

"எதுக்கு உக்காரணும்?" என்றாள் இன்னொருத்தி.

"குருவிக்காக" என்றாள் நெட்டை.

"அப்பச் சரி" என்று அவளும் உட்கார்ந்தாள். ஒவ்வொரு தொட்டியாகச் சத்தம் அடங்கியது.

கண்காணிப்பாளர் சலவைக்காரி பக்கம் திரும்பினார். "நீ சுவிட்சப் போட்டு விடு."

அவள் சுவிட்சைப் பார்த்தாள். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் புருஷன் நினைவுக்கு வந்தான்.

"கம்பிய மாத்துங்கன்னு வாய் வலிக்கச் சொன்னேன் சார். எந்தங்கச்சி சோத்தப் பறிச்சது இவளுகதான்னு இத்தன நாளும் திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!"

சேலையைச் சுருட்டிக்கொண்டு அவளும் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு வண்டி வரும்" என்றார் அவர். "ஆளுக்கொரு ஊர் விடுதி." சலவைக்காரியைப் பார்த்து, "உனக்கு இன்னியோட வேலை இல்ல" என்றார்.

வெறும் மிரட்டல் அல்ல. முன்பு ஒருமுறை முரண்டு பிடித்த விடுதிப் பெண்கள், அக்கா தங்கை இருவரை ஆளுக்கொரு பக்கம் அனுப்பினார்கள். பிறகு அவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

மதியம் சோறு வரவில்லை. துணி மூட்டைகளை வேறு எங்கோ அனுப்ப வண்டியில் ஏற்றும் சத்தம் கேட்டது. இவர்கள் உட்கார்ந்ததால் ஒன்றும் நின்றுபோகவில்லை. கட்டுப்போட்ட கையோடு குருவி மட்டும் வந்து நடுவில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நெசமா வண்டி வருமாக்கா?" என்றாள் நெட்டை.

"வரும்" என்றாள் சலவைக்காரி. பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

நெட்டை சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள்.

"எல்லாரும் கையக் கோத்துக்கிட்டா?"

"ஆள் கூட்டிட்டு வந்து பிரிச்சிடுவாங்கடி."

"பிரிக்க நேரமாகுமில்ல?"

சலவைக்காரி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆகும். நல்லாவே ஆகும்."

நெட்டை குருவியின் நல்ல கையோடு தன் கையைக் கோத்தாள். கட்டுப்போட்ட பக்கம் சலவைக்காரி நகர்ந்து வந்து, வலிக்காமல் தோளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.